படத்துக்கு அடியில் இருந்த சத்தம்

கத்திரி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது மத்தியான வெயில் ஹாலின் பாதி வரைக்கும் வந்து கிடந்தது. அவள் வீடியோ எடிட்டர். பல வருஷமாகப் படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பதால் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பேர் அது. இப்போது அவள் புருஷனே அப்படித்தான் கூப்பிடுகிறான். வீட்டு விசேஷங்களை எடுத்த பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதுதான் இன்றைக்கு அவளுக்கு முக்கால்வாசி வேலை.

எல்லோரும் கேசட்டைக் கடைக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இந்த வீட்டில் மட்டும் கடையே வீட்டுக்கு வரவேண்டியிருந்தது.

"அப்பா அதை வெளிய குடுக்க விடமாட்டேங்கறார்க்கா. ஏத்தவே வேணாம்னார். நான்தான் அடம்பிடிச்சேன்" என்றாள் அவளை அழைத்திருந்த டீச்சர். "நான் சின்னப் பிள்ளையா இருந்ததுக்கு இது ஒண்ணுதான் மிச்சம். எங்க பிளேயரும் செத்துப்போச்சு."

டீச்சருடைய அம்மா, மகளுக்கு நாலு வயசாக இருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போனவள். அதையும் டீச்சர் போனிலேயே சொல்லியிருந்தாள், வானிலை சொல்வது போல.

அப்பா ரிடையரான காண்ட்ராக்டர். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கத்திரியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

"எவ்வளவு நேரமாகும்?"

"கேசட் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் சார். காப்பி எடுக்கற மாதிரி சட்டுனு வராது. ஓட ஓடத்தான் ஏறும்."

"பாட்டு நல்லா வருதா?"

"இன்னும் போடவே இல்ல சார்."

கொண்டுவந்த டெக்கில் கேசட்டைத் தள்ளினாள். ஈரத்துணியும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை அடித்தது. லேப்டாப் திரையில் கோடுகள் நடுங்கி அடங்கின. இதே ஹால். கவுன் போட்ட ஒரு குழந்தை சுற்றிச் சுற்றி ஆடுகிறது. அதன் பின்னால் ஒரு நீலக் கதவு. கூடவே ஒரு துள்ளல் பாட்டு.

பாட்டு மட்டும்.

அதுதான் அவளை உறுத்தியது. குழந்தை கை தட்டுகிறது, தட்டும் சத்தம் இல்லை. குதிக்கிறது, காலடி இல்லை.

"ஆடியோ டப் பண்ணியிருக்கீங்களா சார்? அப்புறமா பாட்டை மேல ஏத்தி?"

"கேமரால வந்த சத்தம் சரியில்ல. அதான் ஏத்தினேன். பழசு அழிஞ்சு போச்சு."

அழிஞ்சு போச்சு என்றதை மட்டும் அவள் நம்பவில்லை.

தொழில் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். இந்த மாதிரி கேசட்டில் சத்தம் இரண்டு இடத்தில் இருக்கும். நாடாவின் ஓரத்தில் ஒரு கோடு. டப் செய்தால் அது மட்டும்தான் மாறும். நல்ல கேமராவாக இருந்தால் படத்துக்கு அடியிலேயே இன்னொரு டிராக் பதிந்திருக்கும், ஹைஃபை என்பார்கள். படத்தை அழிக்காமல் அதை அழிக்க முடியாது. சாதாரண பிளேயருக்கு அது கேட்காது. அவளுடைய டெக்குக்குக் கேட்கும்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு டிராக் பட்டனை மாற்றினாள்.

பாட்டு அறுந்தது.

காலடிச் சத்தம். கைதட்டல். குழந்தையின் மூச்சு.

தட். தட். தட்.

நீலக் கதவின் கைப்பிடி ஆடியது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்: "மூச்சு விட முடியலங்க. திறங்க."

கேமராவுக்கு வெகு பக்கத்தில் ஓர் ஆண் குரல். "நீ ஆடு பாப்பா. அங்க பாக்காதே."

கத்திரி திரையிலிருந்து கண்ணை எடுத்து ஹாலைப் பார்த்தாள். நீலக் கதவு இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான சுவர். அதை மறைத்து ஒரு பெரிய கண்ணாடி அலமாரி.

"என்ன கேக்கறே?" என்றார் பின்னாலிருந்து.

"இரைச்சல் இருக்கான்னு பாத்தேன் சார்." அவளுக்குத் தன் குரலே அடுத்தவள் குரல் மாதிரி இருந்தது.

கேசட் ஓடி முடிந்தது. வாசலில் யாரோ மணியடித்தார்கள். அவர் எழுந்து போனார். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

டீச்சர் தண்ணீரோடு வந்தாள். கத்திரி வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். சொல்லலாமா? அடுத்த வீட்டு விஷயம். ஆனால் அந்தக் குரல்?

"அங்க ஒரு கதவு இருந்துச்சா?"

"ஸ்டோர் ரூம். ஈரம் இறங்குதுன்னு அப்பாவே மூடிட்டார். ஏன்க்கா?"

கத்திரி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். ஏற்றி முடித்த ஃபைலை ஓடவிட்டு, ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவள் காதில் வைத்தாள். மறுபக்கத்தைத் தன் காதில் வைத்தாள்.

தட். தட்.

டீச்சர் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டாள். "இது அம்மா" என்றாள், உதடு மட்டும் அசைந்து.

தட்டுவது நின்றது. மூச்சுத் திணறல் இல்லாமல், நிதானமாக, அதே குரல்:

"கண்ணாடி போட ஆரம்பிச்சிட்டியா, பாப்பா?"

டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள்.

திரையில் ஆடும் குழந்தை கண்ணாடி போட்டிருக்கவில்லை.

கத்திரி முதலில் சந்தேகப்பட்டது தன் காதை. பின்னால் தள்ளி, அதே இடத்தை மறுபடி ஓட்டினாள். கண்ணாடிப் பேச்சே இல்லை. அந்த இடத்தில் வேறு வார்த்தை இருந்தது.

"அவர் வர்றார். காட்டிக்காதே."

செருப்புச் சத்தம் ஹாலுக்குள் வந்தது.

"என்ன, ரெண்டு பேரும் ஒரே ஹெட்போன்ல?"

"பாட்டுப்பா" என்றாள் டீச்சர். எப்படித்தான் சிரித்தாளோ! "நல்லா வருது."

அவர் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டெக்கிலிருந்து கேசட்டை எடுத்து, மூடியைத் திறந்து, நாடாவைக் கை கையாக உருவினார். "ஏத்தியாச்சில்ல? இனி இது எதுக்கு?" கறுப்பு நாடா அவர் காலடியில் சுருண்டு விழுந்தது. லேப்டாப்பை அவர் கவனிக்கவே இல்லை. பாட்டு ஏறியிருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"அக்காவை பஸ் ஸ்டாப்ல விட்டுட்டு வந்துடறேன்ப்பா."

பஸ் ஸ்டாப்பைத் தாண்டித்தான் போலீஸ் ஸ்டேஷன்.

மறுநாள் அலமாரியை நகர்த்திச் சுவரை உடைத்தார்கள். டீச்சருடைய அம்மா அங்கேதான் இருந்தாள், எலும்பாக, கதவில் சாய்ந்தபடி. "கொஞ்ச நேரம் உள்ளே கிடந்தா புத்தி வரும்னுதான் பூட்டினேன்" என்று அவர் இன்ஸ்பெக்டரிடம் சொன்னாராம். சொல்லும்போது அழவில்லையாம்.

டீச்சர் வேறு வீட்டுக்குக் குடிபோனாள். கொஞ்ச நாள் கழித்துப் போன் வந்தது.

"அக்கா, அந்த ஃபைல் நீளமாயிட்டே போகுது."

கத்திரி நேரில் போய்ப் பார்த்தாள். எடிட்டிங் டைம்லைனில் போட்டு நீளத்தை அளந்தாள். ஏற்றி முடித்த ஃபைலில் யாரும் கைவைக்காமல் ஒரு ஃப்ரேம்கூடக் கூடாது. இதுவோ நாளுக்கு நாள் வளர்ந்திருந்தது. ஆட்டம் முடிந்த பிறகு படம் வெறும் கறுப்பு. சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. சாப்பிட்டியா, பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க படுத்தறாங்களா, தலை ஈரத்தோட தூங்காதே.

"அழிச்சிடும்மா" என்றாள் கத்திரி.

"எங்கம்மாவையா?"

கத்திரி கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

ஜெயிலில் காண்ட்ராக்டர் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சேதி வந்த அன்று சாயங்காலம், டீச்சர் அவளைத் துணைக்குக் கூப்பிட்டிருந்தாள். இருவரும் ஆளுக்கு ஒரு காதாக உட்கார்ந்தார்கள். புதிதாகக் கூடியிருந்த இடத்துக்குக் கத்திரி நகர்த்தினாள்.

தட். தட். தட்.

ஓர் ஆண் குரல், வெகு தூரத்தில், மூச்சு முட்ட: "போதும். திற... திறந்து விடு."

பிறகு அம்மா. காதோரம் சொல்வது போல, அவ்வளவு கனிவாக.

"பாப்பா, இன்னிக்கு நீ கேக்க வேணாம். ஹெட்போனைக் கழட்டிடும்மா."

டீச்சர் மறுபேச்சில்லாமல் கழற்றி வைத்தாள். கத்திரியும் கழற்றினாள்.

திரையில் சத்தத்தின் அலைக்கோடு மேலும் கீழும் விரிந்து, கட்டம் முழுவதையும் நிரப்பியது. அது குறையவே இல்லை.