ஆறாவது படி

கார்த்திகேசன் அந்த வேக அட்டவணையில் எழுதியிருந்தது ஐந்தே படிகள். ஆறாவது படி ஒன்று எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஐப்பசி அடைமழை மூன்றாம் நாளாகப் பிடித்துக்கொண்டிருந்தது. சுரக்குடி வீட்டின் கிழக்கறை ஜன்னலுக்கு வெளியே சம்பா நட்ட வயல்கள் வரப்பு தெரியாமல் நீரில் கிடந்தன. மேசை விளக்கை ஏற்றியும் அறையில் சாம்பல் வெளிச்சம்தான். ஈரச் சுவரின் வாடையும், அடுக்களையில் அம்மா சொர்ணாம்பாள் தாளிக்கும் கடுகின் வாசமும் கலந்து வந்தன. அந்த நேரத்தில்தான் திரையில், ஆறாவது படிக்கு நேரே, அந்த எண் வந்து நின்றது. பன்னிரண்டு.

அவன் வேலை பார்ப்பது சென்னை நிறுவனம் ஒன்றுக்கு. மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் சிறிய பெட்டி ஒன்றை அவர்கள் செய்கிறார்கள். அதற்குள் ஒரு ப்ராசஸர். வேலை இல்லாதபோது அது தன் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து பேட்டரியைக் காப்பாற்ற வேண்டும். ஆபத்தென்று யாராவது சிவப்புப் பட்டனை அமுக்கினால் அடிப் படியிலிருந்து உச்சிப் படிக்கு ஒரே தாவலில் ஏறி, செயற்கைக்கோளுக்குச் சேதி அனுப்ப வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கவனிக்கும் கெர்னல் டிரைவர் என்ற நிரலை எழுதியவன் கார்த்திகேசன். அவன் வைத்த அடிப் படி நூறு மெகா ஹெர்ட்ஸ். விநாடிக்குப் பத்துக் கோடித் துடிப்பு. திரையில் இருந்த பன்னிரண்டுக்குப் பக்கத்தில் கோடியும் இல்லை, லட்சமும் இல்லை. விநாடிக்கு வெறும் பன்னிரண்டு.

அந்த வேகத்தில் எந்தப் பெட்டியும் உயிரோடு இருக்க முடியாது.

அது எந்தப் படகின் பெட்டி என்று பார்த்தான். பார்த்ததும் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். நாற்பத்தேழாம் நம்பர் பெட்டி, கருக்களாச்சேரி அன்பழகனின் பைபர் படகு. நாற்பத்தொரு நாளைக்கு முன் நாலு பேரோடு கடலுக்குப் போய்த் திரும்பாதது. ஒரு மண்ணெண்ணெய் கேனும் உடைந்த பலகையும் மட்டும்தான் கரை ஒதுங்கின. வரைபடத்தில் அந்தப் படகின் புள்ளி பச்சையாக, கரையிலிருந்து பதினோரு கடல் மைல் தள்ளி நின்றது.

சென்னையிலிருந்த ஆபித்துக்குப் போன் செய்தான். ஆபித் காரைக்கால்காரன், கூடப் படித்தவன், சர்வரைப் பார்த்துக்கொள்பவன்.

"என்ன மாப்ள, நல்ல மழையா? இங்க வெயிலு மண்டையப் பொளக்குது."

"நாப்பத்தேழாம் நம்பர் பெட்டி ரிப்போர்ட் அனுப்புதுடா."

"பழச எடுத்துக் காட்டுதுடா சர்வரு. அதுக்கு வேற வேலையில்ல. போயி சுடச்சுட ரசத்தக் குடிச்சிட்டுப் படு."

படுத்தால் தூக்கம் வராது என்று ஆபித்துக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது, அப்பா ஒருவரைத் தவிர.

வேகத்தைக் கூட்டுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டும், பிறகுதான் வேகத்தை. குறைக்கும்போது தலைகீழ்: முதலில் வேகம், பிறகு மின்னழுத்தம். கார்த்திகேசன் குறைப்பதைச் சரியாக எழுதியிருந்தான். கூட்டுவதற்கும் அதே வரிகளை எடுத்துப் போட்டுவிட்டான். வயிற்றுக்குச் சோறு போடாமல் ஓடச் சொன்ன மாதிரி. நூற்றில் தொண்ணூற்றொன்பது தடவை ப்ராசஸர் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். ஒரு தடவை, அடிப் படியிலிருந்து உச்சிக்குத் தாவும்போது, பாதியில் நின்றுவிடும். அதாவது, பட்டனை அமுக்கும் அந்த நேரத்தில்.

படகு காணாமல் போன மறுவாரம் அதைக் கண்டுபிடித்தான். அன்றே அப்பாவிடம் போய் நின்றான்.

சுப்பையன் வருவாய்த் துறையில் முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்திரண்டு வயதிலும் நாற்காலியில் சாயாமல் உட்காருவார். மகனை அம்மா அக்கம்பக்கத்தில் "டிரைவர் வேலை" என்று சொல்லி, எந்த பஸ்ஸில் என்று ஒருத்தி கேட்டுவிட, இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவர். நிறுவனத்தின் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நம் பக்கத்தில் குடும்பப் பெயர் ஏது? கார்த்திகேசன் அங்கே அப்பாவின் பெயரைப் போட்டான். ஒவ்வொரு பெட்டியும் உயிர்பெறும்போது, எழுதியவர் சுப்பையன் என்று ஒரு வரி உள்ளே ஓடும். இருநூறு படகில் தன் பெயர் ஓடுகிறது என்று தெரிந்த நாளில் அவர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு கருக்களாச்சேரியில் பெட்டி பொருத்தும் விழாவுக்கே வந்துவிட்டார்.

அங்கேதான் அன்பழகன் கேட்டான். "பட்டன அமுக்குனா ஆளு வந்துருமா ஐயா? நிச்சயமா?"

"உள்ள இருக்கறது என் பேருப்பா. வரலன்னா நேரா சுரக்குடிக்கு வா. எங்க வீட்டு வாசல்ல நின்னு என் பேரச் சொல்லிக் கேளு. நான் எந்திரிச்சு வந்து பதில் சொல்றேன்."

"படகோடவா வர்றது?" என்றான் அன்பழகன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"படகோடயே வா" என்றார் சுப்பையன். அவர் சிரிக்கவில்லை. வாக்கு கொடுக்கும்போது அவர் சிரிப்பதில்லை.

அந்த மனிதர்தான் அன்று மகன் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, "என்னன்னு எழுதிக் குடுப்பே?" என்றார். "சுப்பையன் மவனால நாலு பேரு செத்தாங்கன்னா?"

"உண்மை அதானேப்பா."

"எங்க அப்பாரு காலத்துலேருந்து இந்த வீட்டுப் பேர ஒருத்தன் நாக்குல போட்டு மென்னதில்ல. மத்தப் பெட்டியெல்லாம் சரிபண்ணு. சத்தமில்லாம பண்ணு. என் தல மேல கைய வச்சுச் சொல்லு, வெளிய சொல்ல மாட்டேன்னு."

நரைத்த தலைமயிர் உள்ளங்கையில் குத்தியது. கார்த்திகேசன் சொன்னான். மற்றப் பெட்டிகளுக்கெல்லாம் திருத்தத்தை அனுப்பினான். குறிப்பில் 'சிறு மாற்றம்' என்று எழுதினான்.

திரையில் பன்னிரண்டைப் பார்த்த மறுநாள் காலை புள்ளி இடம் மாறியிருந்தது. அரசலாற்று முகத்துவாரத்தில் நின்றது. வேகம் விநாடிக்கு ஒன்று. நாடித் துடிப்பைப் போல ஒன்று.

அவன் ரிப்போர்ட்டை வரிவரியாகப் படித்தான். வேகம், மின்னழுத்தம், பேட்டரி என்று வரிசையாக வந்த எண்களுக்குக் கீழே, பட்டனை அமுக்கியதிலிருந்து பெட்டியின் சொந்தக் கடிகாரம் எண்ணிய நேரம் இருந்தது. அதைப் பார்த்தவுடன் காதுக்குள் மழைச் சத்தம் நின்றுபோனது.

நான்கு விநாடி.

வெளியே நாற்பத்திரண்டு நாள் ஓடிவிட்டது. பெட்டி நிற்கவில்லை. அடிப் படிக்கும் கீழே ஒரு படிக்கு விழுந்து, அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு நான்கு விநாடிதான் ஆகியிருக்கிறது. அப்படியென்றால் பட்டனை அமுக்கிய விரலுக்கு? தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வருவார்கள், இதோ வருவார்கள் என்று மேலே பார்த்துக்கொண்டிருக்கும் நாலு பேருக்கு? அந்தக் கேள்வியை அவன் முடிக்கவில்லை.

திருத்திய டிரைவரை அந்தப் பெட்டிக்கு அனுப்பினான். எழுதியவர் வரியில் அப்பா பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரை மட்டும் வைத்தான். பெட்டியின் அந்த வேகத்தில் திருத்தம் ஏறி முடிய ஆகும் நேரத்தைத் திரை கணக்கிட்டுக் காட்டியது. முந்நூற்றுப் பதினெட்டு வருஷம்.

நிறுவனத்துக்கு எல்லாவற்றையும் எழுதிக் கடிதமாக அடித்தான். அனுப்புகிற பட்டன் மேல் விரல் இருந்தபோது பின்னால் அப்பாவின் இருமல் கேட்டது. அவர் குனிந்து, தன் தலையை அவன் தோளுக்கு நேராகக் காட்டிக்கொண்டு நின்றார். அவன் எல்லாவற்றையும் அழித்தான்.

மூன்றாம் நாள் புள்ளி ஆற்றை விட்டு வாய்க்காலுக்குள் ஏறியது. முழங்கால் ஆழ வாய்க்கால். எந்தப் படகும் வர முடியாத வாய்க்கால். மத்தியானம் மதகைத் தாண்டியது. மூன்று மணிக்கு வயலுக்குள் இறங்கியது.

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். நாற்றுகள் ஒரு நீளத்துக்குச் சாய்ந்து கிடந்தன. கனமாக எதையோ இழுத்துக்கொண்டு வந்ததுபோல, கிழக்கிலிருந்து வீட்டை நோக்கி. சாய்ந்த நாற்றின் முனையில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

"அப்பா, இன்னிக்கு யாரு கூப்பிட்டாலும் வெளிய போகாதீங்க."

"ஏன்? நான் யாருக்குப் பயந்து ஒளியணும்?"

"உங்க பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்கப்பா. அதனாலதான் சொல்றேன்."

சுப்பையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசற்கதவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதுகு சாயவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. அந்த மணி டிங் என்று தொடங்கி டாங் என்று முடியும். டிங் மட்டும் கேட்டது. அது நின்றுபோகவும் இல்லை. இழுபட்டு, தடித்து, சுவருக்குள் இறங்கி, தரை வழியாகப் பாதத்துக்கு வந்தது. அம்மா அடுக்களையிலிருந்து, "யாருங்க அது, வெரல எடுக்காம?" என்றாள். உப்பு வாடை அடித்தது. கதவுக்கு அடியிலிருந்து நீர் நூலாக உள்ளே வந்தது.

கூடத்து விளக்கு பிரகாசமானது.

கார்த்திகேசன் நிமிர்ந்து பார்த்தான். மஞ்சள் வெளிச்சம் வெள்ளையாகி, வெள்ளை கண்ணைக் குத்தியது. மின்னழுத்தம். முதலில் மின்னழுத்தம்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. யாரோ சரியான முறையில் ஏற்றுகிறார்கள்.

பிறகு வேகம்.

டாங். டிங் டாங். டிங்டாங்டிங்டாங்டிங்டாங். மூச்சு விடாமல். முட்டிமோதிக்கொண்டு. அதன் நடுவே, தண்ணீர் புகுந்த தொண்டையிலிருந்து, ஒரு குரல். பின் நாலு குரல்.

"சுப்பையன் ஐயா."

"போகாதீங்கப்பா!"

"வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார் அவர். எழுந்து தாழ்ப்பாளை எடுத்தார்.

வாசலில் யாரும் இல்லை. மழை. படிவரை தண்ணீர். சுவரில் மணியின் பட்டன் உள்ளே அமுங்கியபடி இருந்தது. அதன்மேல் விரல் இல்லை. கடற்பாசி ஒட்டியிருந்தது.

சுப்பையன் படியைத் தாண்டி மழைக்குள் காலை வைத்தார். முதுகை நிமிர்த்தினார். வலது கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனார்.

"நான்தான் சு..."

மணி நின்றது.

கை பாதியில் நின்றது. வாய் அந்த எழுத்திலேயே குவிந்து நின்றது. முதலில் வேகம். அதற்குப் பிறகு, கூடத்து விளக்கு மெல்ல மெல்ல மங்கியது. குறைப்பதைத்தான் அவன் சரியாக எழுதியிருந்தானே.

"அப்பா."

தோளைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. மணிக்கட்டைப் பிடித்தான். ஒரு துடிப்பு இருந்தது. அடுத்ததற்காகக் காத்தான். அம்மா ஓடிவந்தாள், அலறினாள், அலறி ஓய்ந்தாள், குடையைக் கொண்டுவந்தாள். அவன் இன்னும் அடுத்த துடிப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

ஜன்னல் வழியே கிழக்கறைத் திரை தெரிந்தது. வரைபடத்தில் அந்தப் பச்சைப் புள்ளி இல்லை. அட்டவணையின் கடைசியில் ஆறாவது படி மட்டும் இருந்தது. அதற்கு நேரே ஒரே ஒரு வரி, அப்பாவின் பெயர்.

விடிந்தபோது மழை நிற்கவில்லை. சொர்ணாம்பாள் கணவரின் தலைக்கு மேலே குடையைப் பிடித்தபடி, "உள்ள வாங்க, நனையிறீங்க" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். அவர் கண்ணில் ஒரு மழைத்துளி நேற்றைக்கே விழுந்திருந்தது. அதற்காகக் கீழே இறங்கிய இமை, இப்போதுதான் பாதி வந்திருந்தது.