ஏழாம் புள்ளியில் குறைந்த எண்

ஏழாம் புள்ளியில் ரீடிங் குறைந்திருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

விபத்து நடந்து எட்டு மாதம் ஆகிறது. அணு உலை அடங்கிவிட்டது என்று மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் அதன் அடித்தளத்தில் இடுப்பளவு தேங்கி நிற்கும் தண்ணீரை இன்னும் யாராலும் முழுசாக இறைக்க முடியவில்லை. அந்தத் தண்ணீருக்கு மேலே பன்னிரண்டு இடங்களில் கதிர்வீச்சு மீட்டர்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு எண்களையும், தண்ணீர் மட்டத்தையும், உலைக்குள் இருக்கும் சூட்டையும் லாக் புத்தகத்தில் எழுதுவது அவள் வேலை. காலை ஆறு மணிக்கு இரவு ஷிப்டு ஆட்கள் வெளியே வரும்போது அவர்கள் உடம்பிலும் துணியிலும் கைமீட்டரைக் காட்டிப் பார்ப்பதும், நெஞ்சில் குத்தியிருக்கும் பேட்ஜை வாங்கி அன்று அவர்கள் உடம்பு வாங்கிய டோஸைப் பதிவதும் அவள்தான். மீட்டரம்மா என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

நேற்று நாற்பத்து மூன்று. இன்று ஒன்பது. இந்தக் கதிர்வீச்சுக்கு அவசரம் என்பதே கிடையாது. முப்பது வருடத்தில் பாதியாகும், இன்னொரு முப்பது வருடத்தில் அதிலும் பாதியாகும். ஒரே நாளில் அது இப்படி இறங்கி அவள் பார்த்ததில்லை.

"சார், ஏழு ஒன்பதுக்கு வந்துருக்கு" என்று சூப்பர்வைசரிடம் சொன்னாள்.

"குறைஞ்சா நல்லதுதானேம்மா."

"மீட்டர் கெட்டுப்போயிருக்குமோன்னு பாத்தேன்."

"ஏறுனாலும் பயப்படுறீங்க, இறங்குனாலும் பயப்படுறீங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க?" அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும் ஏழாம் புள்ளியின் கேமராவைத் திருப்பிப் பார்த்தாள். தண்ணீர் கருப்பாக, அசையாமல் கிடந்தது. மீட்டருக்கு நேர் கீழே மட்டும் ஒரு வெளுப்பு. ஆறிய பாலின் மேல் படியும் ஏடு போல மெல்லியதாக, சுருக்கம் சுருக்கமாக, ஓரங்களில் கொஞ்சம் தடித்து, ஒரு பாய் அகலத்துக்கு மிதந்தது. பால் ஏடு உதட்டில் ஒட்டினாலே சிறுவயதிலிருந்து அவளுக்குக் குமட்டும். வாயை மூடிக்கொண்டு கேமராவை அணைத்தாள்.

மறுநாள் ஏழாம் புள்ளி பூஜ்யம் காட்டியது. ஏடு அங்கே இல்லை, ஐந்தாம் புள்ளியின் கீழே இருந்தது, இரண்டு பாய் அகலத்துக்கு. ஐந்தில் ரீடிங் இறங்க ஆரம்பித்திருந்தது. கதிர்வீச்சு கூடிய இடத்தைத் தேடிப் போய்ப் படுத்து, அதை நக்கித் துடைத்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை லாக் புத்தகத்தில் எழுதவா முடியும்? எண்ணை மட்டும் எழுதினாள்.

அது போகிற வழியில் ஐந்துக்கு அடுத்தது மூன்று. மூன்றாம் புள்ளிக்குப் பக்கத்தில்தான் பம்ப்பின் ஃபில்டர் இருந்தது. அந்த ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவது அவள் கணவர்.

அங்கே அவருக்குப் பெயர் பம்ப்பு. விபத்துக்கு முன்னாலிருந்தே அந்த பம்ப்புகளின் நாடி தெரிந்த மெக்கானிக் அவர் ஒருவர்தான். ஒரு ஆள் இவ்வளவு டோஸ்தான் வாங்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் மறுநாளே வெளியே அனுப்பிவிடுவார்கள், குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். இருபது நாளைக்கு முன்னால் அவர் அந்த வரம்புக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றார்.

"இதை உன் டிராயர்ல போட்டு வை" என்று பேட்ஜைக் கழற்றிக் கொடுத்தார். "எல்லாரும் பண்றதுதான். இன்னும் ஒரு மாசம். புள்ளை வந்து சேரட்டும்."

புள்ளை என்றது அவர்களின் எட்டு வயது மகளை. விபத்து நடந்த அன்று ராத்திரியே சித்தி வீட்டுக்கு அனுப்பிய குழந்தை. விபத்துப் பகுதியின் எல்லைக்கு வெளியே, பஸ் நிறுத்தத்தில், மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் பார்க்கலாம். இந்தச் சனிக்கிழமை முதல் குடியிருப்புக்குள் குழந்தைகள் வரலாம் என்று அறிவித்துவிட்டார்கள். வீடு இருந்தால்தானே குழந்தை வரும்? அவள் பேட்ஜை வாங்கி, பழைய தாள்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். அன்றிலிருந்து தினமும் அவர் பெயருக்கு நேரே பூஜ்யம் எழுதினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். "பம்ப்பு ஜாக்கிரதையான ஆளு" என்று சூப்பர்வைசர் மெச்சிக்கொண்டார்.

அதோடு நின்றதா? காலை வரிசையில் அவர் முறை வரும்போது கைமீட்டரை ஆஃப் செய்துவிட்டு, காட்டுகிற மாதிரி காட்டி அனுப்பினாள். மீட்டர் கத்தினால் பின்னால் நிற்பவர்களுக்குத் தெரிந்துவிடுமே. அப்படித்தான் அவருடைய நீலத் தொப்பியும் வெளியே போனது. போன முறை பஸ் நிறுத்தத்தில் மகள் அதைப் பிடுங்கித் தலையில் மாட்டிக்கொண்டு தரவே மாட்டேன் என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். அதை மீட்டரில் காட்டவே இல்லை என்பது அவளுக்கு அப்போதே நினைவு வந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

"என்னங்க, ஃபில்டர்ல ஏதாவது இருக்கா?" என்று, ஐந்தில் ரீடிங் இறங்கிய அன்று மத்தியானம் கணவரிடம் கேட்டாள். பகலில் தூங்குகிறவர் என்பதால் படுக்கையறை ஜன்னலில் கருப்புத் துணி தொங்கும். அவர் எழுந்து சமையலறைத் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சளி மாதிரி ஒண்ணு அடைச்சுக்குது. கையை விட்டுத்தான் வழிக்கணும். கையுறையெல்லாம் நிக்க மாட்டேங்குது, வழுக்குது."

"வெறுங்கையாலயா?"

"வெதுவெதுன்னுதான் இருக்கு" என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்கிறவர் போல.

அவர் போன பிறகு தொட்டியிலிருந்து நாற்றம் வந்தது. பூச்சாடியில் வாரக்கணக்கில் மாற்றாத தண்ணீரின் நாற்றம். அழுகலுக்கு அடியில் ஒரு இனிப்பு. வடிகட்டித் தகட்டைத் தூக்கினாள். அவருடைய தலைமுடி, கொத்துக் கொத்தாக. முடியைச் சுற்றி வெளுப்பாக ஒரு கொழகொழப்பு. குச்சியால் தொட்டதும் அது கழிவுக் குழாய்க்குள் சுருங்கி இறங்கியது. தண்ணீரோடு போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். தண்ணீர்க் குழாயை அவள் திறந்திருக்கவே இல்லை.

அடுத்த நாள் கைமீட்டரைச் சாப்பாட்டுப் பையில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வெறும் காற்றில் காட்டினாலே அது நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து முறை டிக் என்னும். உலகத்தில் எந்த இடமும் முழுசாக மௌனமாக இருப்பதில்லை. சுவர், டிக். மேசை, டிக். தூங்கிக்கொண்டிருந்தவரின் முதுகுக்கு நேரே கொண்டுபோனபோது டிக் டிக் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வறசட்டியில் பொரிகிற மாதிரி இரைந்தது. ஈறுகளில் ரத்தம். தலையணை முழுக்க முடி. கழுத்தில் தோல் உரிந்து சுருண்டிருந்தது. பன்னிரண்டு வருடம் பக்கத்தில் படுத்த உடம்பைப் பார்த்து அவளுக்கு அருவருப்பு வந்தது. அப்படி வந்ததே என்று தன்மேல் அதைவிட அருவருப்பு வந்தது. தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

சொல்லிவிடலாம். டாக்டரிடம், சூப்பர்வைசரிடம், யாரிடமாவது. சொன்னால் வேலை, வீடு, குழந்தை, மூன்றும் போகும். சனிக்கிழமை முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள்.

வியாழக்கிழமை அவர் தேறினார். வயிறு நிறையச் சாப்பிட்டார். ஈறில் ரத்தம் நின்றிருந்தது. தோல் உரிந்த இடங்களில் எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுமினுப்பு. தூங்கும்போது மீட்டரை வைத்துப் பார்த்தாள். இரைச்சல் இல்லை. தனித்தனி டிக் கேட்டது, எண்ணிவிடலாம் போல.

"குறைஞ்சா நல்லதுதானே" என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று நினைவு வந்தது. அதற்கு மேல் யோசிக்க அவளுக்கு மனமில்லை, கூடத்தில் போய்ப் படுத்து நிம்மதியாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி மகள் போனில் பேசினாள். "அம்மா, நாளைக்கு மூணு மணிக்கு சித்தி கூட்டிட்டு வந்துருவா. நான் அப்பா தொப்பியைப் போட்டுட்டுதான் வருவேன்."

"அதை விட்டுட்டு வாடா கண்ணு. அழுக்கு."

"போம்மா. ராத்திரிகூட அதைப் போட்டுட்டுதான் தூங்குறேன்."

சனிக்கிழமை காலை ஆறு மணி வரிசையில் அவள் கணவர் வரவில்லை. உடம்பு முடியலைன்னு பாதி ஷிப்டுலயே வீட்டுக்குப் போயிட்டாரு, தூக்கக் கலக்கத்துல நடக்குற மாதிரி நடந்தாரு என்றான் கூட வேலை செய்கிறவன். பேட்ஜ்களை வாங்கிக்கொண்டு, உள்ளே வந்து பன்னிரண்டு எண்களைப் பார்த்தாள். ஒன்று பூஜ்யம். இரண்டு பூஜ்யம். மூன்று. நான்கு. பன்னிரண்டும்.

சூப்பர்வைசர் கை தட்டினார். மேலிடத்துக்கு போன் பறந்தது. அவள் ஒவ்வொரு கேமராவாகத் திருப்பினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். கருப்புத் தண்ணீர். சுத்தமான தண்ணீர். ஏடு எங்கேயும் இல்லை. மூன்றாம் புள்ளிக்குப் பக்கத்தில் ஃபில்டரின் மூடி திறந்து தொங்கிக்கொண்டிருந்தது.

மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள் என்று இரண்டரை மணி வரை அவளை விடவில்லை. வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

கதவைத் திறந்ததும் அந்த இனிப்பு நாற்றம். தரை ஈரமாக மினுங்கியது. குளியலறையின் வடிகால் தகடு பெயர்ந்து கிடந்தது. சமையலறைத் தொட்டியின் தகடும்.

"என்னங்க."

உள்ளே போனாள். படுக்கையறையில் கருப்புத் துணி. விளக்கைப் போட்டாள்.

கட்டிலில் அவர் மல்லாந்து கிடந்தார். நெற்றியிலிருந்து கால் விரல் வரை அவர்மேல் ஏடு போர்த்தியிருந்தது. ஒளி ஊடுருவுகிற வெளுப்பு. திறந்த வாய்க்குள்ளும் அது இறங்கியிருந்தது, நாக்கின் மேல் சுருக்கம் விழுந்து படிந்திருந்தது. ஏடு உயர்ந்தது, தாழ்ந்தது. மூச்சு அவருடையதா, அதனுடையதா, தெரியவில்லை. அடியில் தெரிந்த முகத்தில் புருவம் இல்லை, இமை இல்லை, உதட்டில் நிறம் இல்லை. நன்றாகத் தேய்த்துக் கழுவிய பாத்திரம் போல இருந்தது.  உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள்.

சாப்பாட்டுப் பையிலிருந்து கைமீட்டரை எடுத்து நீட்டினாள். நெஞ்சு. வயிறு. தலை. ஒரு டிக் கூட இல்லை. காற்றில் கேட்கிற பத்துப் பதினைந்துகூட இல்லை.

பூஜ்யம். இருபது நாளுக்கு மேலாக அவர் பெயருக்கு நேரே அவள் எழுதி வந்த எண். இன்றுதான் அது நிஜம்.

மீட்டரை இறக்கினாள். அது அவள் இடுப்புப் பக்கம் வந்ததும் டிக் என்றது. டிக் டிக். அவருடைய துணியைத் துவைத்த கை. அவர் பக்கத்தில் படுத்த விலா. டிக் டிக் டிக்.

கட்டிலில் ஏடு அசைவை நிறுத்தியது.

பிறகு அவர் முகத்திலிருந்து, தோலை உரிக்கிற சத்தத்தோடு, கழன்றது. கட்டில் காலில் வழிந்து தரைக்கு வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. அவள் பின்வாங்கினாள். கூடம். சுவர். வாசல் கதவு முதுகில் இடித்தது.

வெளியே செருப்புச் சத்தம். "அம்மா, நாங்க வந்துட்டோம்."

தாழ்ப்பாளைத் தேடிப் பிடித்துப் போட்டாள். "வராத கண்ணு. சித்தியோட திரும்பிப் போ."

"ஏம்மா? கதவைத் திற."

"போன்னு சொல்றேன்ல."

ஏடு அவள் பாதத்தில் ஏறியது. வெதுவெதுப்பாக இருந்தது, அவர் சொன்ன மாதிரியே. விரல் இடுக்குகளில் புகுந்து, கணுக்காலைச் சுற்றியது. கால் அசையவில்லை. கையில் மீட்டர் வேகம் குறைந்தது. டிக் டிக். டிக். எடுத்துக்கொள்ளட்டும். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இங்கேயே கிடக்கட்டும். குழந்தை போய்விடும்.

"அக்கா, என்னக்கா ஆச்சு?" என்றது சித்தியின் குரல்.

மகள் தரையில் குனிந்து கதவின் கீழ் இடுக்கு வழியாகப் பார்த்தாள். இடுக்கில் நீலத் தொப்பியின் விளிம்பு தெரிந்தது.

கையில் மீட்டர் மறுபடியும் இரைந்தது.

அவள் கணுக்காலில் இருந்த ஏடு பிடியைத் தளர்த்தியது. அதன் ஓரம் மெல்ல நிமிர்ந்து, திரும்பி, கதவின் இடுக்குக்குள் மெலிந்து நுழைய ஆரம்பித்தது.