பூவிழிக்கு எத்தனை வயது?

மகளைச் சார்ஜரிலிருந்து கழற்றி எழுப்புவதுதான் காலையில் ஞானசெல்வத்தின் முதல் வேலை. செவ்வாய்க் குடியிருப்பில் வளர்எந்திரப் பிள்ளை இருக்கும் எல்லா வீட்டிலும் அப்படித்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உடலைப் பெரிதாக மாற்ற வேண்டும். பழைய உடல்களைத் தூக்கிப்போட மனம் வராமல் பரண் நிறைய அடுக்கி வைத்திருந்தார் மனுஷர். அன்று காலை சார்ஜர் மட்டும் இருந்தது. துருவத்துப் பனிச்சுரங்கத்தில் வேலை பார்க்கப் போகிறேன் என்று சுரங்கத்துக்கு ஆள் கூட்டிப்போகும் ரெஜினாவின் லாரியில் ஏறிப் போய்விட்டாள் பூவிழி.

அடித்துப் பிடித்துக் காவல் நிலையத்துக்கு ஓடினார்.

"என் பொண்ணை அந்த ரெஜினா கடத்திட்டா மேடம்! லாரியை மடக்குங்க."

ஆய்வாளர் கற்பகவல்லி நிதானமாகக் கேட்டார். "கட்டாயப்படுத்தினாளா? பொய் சொல்லி ஏமாத்தினாளா?"

"இல்லை மேடம். இவளே குதிச்சு ஏறியிருக்கா. தெருக் கேமராவைப் பார்த்துக் கையை வேற ஆட்டுறா."

"அப்போ வயசுதான் சார் எல்லாம். முடுக்கிவிட்ட நாள்லேருந்து பதினெட்டு முடியலைன்னா அவ சம்மதம் செல்லாது. சட்டப்படி நீங்க பாதுகாவலர். உங்களைக் கேக்காம கூட்டிட்டுப் போனாலே கடத்தல்தான்."

போன உயிர் திரும்பி வந்தது. "பதினேழரைதான் மேடம்! பச்சைப் பிள்ளை."

கற்பகவல்லி பதிவேட்டைத் திறந்தார். "ஜூன் ஒண்ணோட பதினெட்டு முடிஞ்சிருச்சே சார்?"

ஞானசெல்வத்துக்கு வியர்த்தது. "அது... ஸ்கூல்ல சேர்க்கிறதுக்காக ஒரு வருஷம் கூட்டி, எல்லாரும் போடுற மாதிரி ஜூன் ஒண்ணுன்னு போட்டோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்துட்டான்னு..."

மொத்தப் படிப்பையும் ஒரே மாலையில் பூவிழிக்குள் ஏற்றிவிடலாம். அந்தப் பிள்ளைக்குத்தான் ஒரு வருடம் வீணாகிவிடுமே என்று பதறியிருந்தார்.

"நிஜத் தேதியை எழுதிக் கொடுங்க, கேஸ் போடுறேன்," என்றார் கற்பகவல்லி. "ஆனா பொய்த் தேதியில வாங்கின பதிவு ரத்தாயிரும். நீங்க பாதுகாவலரே இல்லைன்னு ஆயிரும். அப்புறம் யார்கிட்டேருந்து கடத்தினான்னு எழுதுறது?"

எவ்வளவு ஆசையாக வளர்த்த பிள்ளை!

"அப்போ ஒரு வருஷம் முன்னாடியே அவளை அனுப்பி வெச்சது நான்தானா மேடம்?"

கற்பகவல்லி பதிவேட்டை மூடி, அவர் பக்கம் தண்ணீரை நகர்த்தினார். "எனக்கும் ஜூன் ஒண்ணுதான் சார் பிறந்தநாள்."

பின்னால் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்த காவலர் திரும்பாமலேயே சொன்னார்:

"எனக்கும்."