பதினேழாம் எண்

"ஒண்ணு!"

"ரெண்டு!"

"மூணு!"

பழைய கோட்டை வாசலில் பேருந்தை விட்டு இறங்கியதும் பிள்ளைகள் வரிசையாகக் கத்தினார்கள். தலையை எண்ணினால் தப்பாகிப் போகுமென்று, ஆளுக்கொரு எண் கொடுத்து அவரவர் வாயாலேயே சொல்ல வைப்பது அந்தப் பள்ளியின் நெடுநாள் வழக்கம். இறங்கினால் ஒருமுறை, ஏறினால் ஒருமுறை. முப்பத்தெட்டு வந்தால்தான் வண்டி நகரும்.

வரலாற்று டீச்சர் பட்டியலில் குறித்துக்கொண்டே வந்தாள். பதினேழு அவள் மகளின் எண்.

"பதினேழு!"

கோட்டைச் சுவரிலிருந்து அதே எண் இன்னொரு முறை வந்தது.

"எதிரொலிடா!" என்று பிள்ளைகள் குதித்தார்கள். ஆனால் பதினெட்டுக்கு எதிரொலி வரவில்லை. பத்தொன்பதுக்கும் வரவில்லை.

"ஏம்மா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் மகள்.

"வெளியில டீச்சர்னு கூப்பிடுன்னு சொன்னேன்ல?"

"சரிங்க டீச்சர். ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க டீச்சர்?"

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஊர் வேண்டாமென்று வருஷா வருஷம் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்தவள் அவள். இந்த வருஷம் மகள் கிளம்பினாள். தனியாக அனுப்ப மனம் வரவில்லை. காவலுக்கு வந்தாள், அவ்வளவுதான்.

மதியம் அருங்காட்சியக வாசலில் மறுபடியும் எண்ணிக்கை. "பதினாறு!" "பதினேழு!"

"ஏய், நான் வாயே திறக்கலையே! எவ எனக்குப் பதிலா சொன்னது?" என்றாள் மகள்.

கூட்டம் சிரித்தது. டீச்சரின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. மூக்கால் பேசுகிற, லேசாகக் கரகரத்த அந்தக் குரலை அவளுக்குத் தெரியும்.

சுண்டெலி.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே பள்ளி, இதே சுற்றுலா, கடைசியாகப் பார்க்கிற இதே ஊர் நாடக அரங்கு. அன்று பதினேழாம் எண் சுண்டெலிக்கு. அந்தக் குரலுக்காக வகுப்பு வைத்த பட்டப்பெயர் அது. பள்ளி நாடகத்தில் ராணி வேஷத்தை, அப்போது மாணவியாக இருந்த இந்த டீச்சரிடமிருந்து தட்டிப் பறித்தவள். அரங்கின் மேடைத் தரையில் ஒரு சதுரக் கதவு உண்டு. பூதங்கள் கீழிருந்து எழுந்து வருவதற்கு. சுண்டெலி வேடிக்கை பார்க்க அதில் இறங்கினாள். இவள் மேலே தாழ்ப்பாளைப் போட்டாள். அஞ்சு நிமிஷம் அழட்டும் என்றுதான்.

பேருந்தில் பதினேழு வந்தபோது, சுண்டெலியின் குரலில் இவள் வாய் எண்ணைச் சொல்லிவிட்டது. வண்டி கிளம்பியது. சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று இருந்தவள் கடைசிவரை சொல்லவேயில்லை. மறுநாள் முதல் அரங்கு மராமத்துக்காகப் பூட்டு. வேலைக்கு ஆள் வந்து திறந்தபோது நாற்பது நாளாகியிருந்தது; மேடைக்கடியில் உடல்தான் கிடைத்தது.

"பிள்ளை வண்டியில எண் சொல்லுச்சே, நாங்க எல்லாரும் கேட்டோமே" என்றார்கள் போலீஸிடம். தானே வழியில் இறங்கித் திரும்பிப் போயிருக்கிறாள், தாழ்ப்பாள் தானாக விழுந்திருக்கிறது என்று முடித்துவிட்டார்கள்.

மூன்று மணிக்கு நாடகம். அரங்குக்குள் ஈரத் திரைச்சீலை வாடை. அதற்கடியில் வேறொரு வாடை. "நல்ல நேரத்துல வந்தீங்க டீச்சர்" என்றார் காவலாளி. "இன்னையோட பூட்டறோம். மூணு மாசம் மராமத்து."

நாடகம் முடிகிறவரை அவள் மகளின் கையை விடவேயில்லை. அரங்கு வாசல் நெரிசலில், பட்டியலைப் பிரிப்பதற்காக மட்டும் விட்டாள்.

"பதினாறு!"

"பதினேழு!"

முப்பத்தெட்டும் வந்தது. வண்டி நகர்ந்தது. டீச்சர் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலோர இருக்கையில் மகளின் பை மட்டும் இருந்தது.

"டிரைவர் அண்ணே, நிறுத்துங்க!"

"பிள்ளை எண் சொல்லுச்சே டீச்சர்" என்றார் டிரில் மாஸ்டர். "நாங்க எல்லாரும் கேட்டோமே."

அவள் இறங்கி அரங்குக்கு ஓடினாள்.

மேடையில் விளக்கில்லை. பலகைக்கு அடியிலிருந்து தட்டும் சத்தம்.

தாழ்ப்பாள் போட்டிருந்தது.

இழுத்துத் திறந்தாள். மகள் ஏணியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

"நீதானேம்மா கூப்பிட்ட? கீழ வா கண்ணுன்னு உன் குரல்தான்..."

"நான் கூப்பிடல. மேல வா."

"உள்ள ஒரு பொண்ணு இருக்காம்மா. என் காலைப் பிடிச்சிருக்கா. நீ இறங்கி வந்தா விடறாளாம்."

டீச்சர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. மகளை ஒரு கையால் மேலே தள்ளிக்கொண்டே ஏணியில் இறங்கினாள்.

"ஓடு. பேருந்துக்கு ஓடு. திரும்பிப் பாக்காதே."

மகளின் காலடிகள் தடதடவென்று மேலே ஓடின. டீச்சர் இருட்டைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"சுண்டெலி, நான்தான்டி. நான்தான் தாழ்ப்பாள் போட்டேன். நான்தான் எண்ணைச் சொன்னேன்."

கீழே யாருமில்லை.

தலைக்கு மேல் கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் நிதானமாக நகர்ந்தது. பலகையின் மேல் மெதுவான காலடிகள்.

"பொண்ணு கிடைச்சிட்டாளா டீச்சர்?" காவலாளியின் குரல்.

"கிடைச்சிட்டா. நீங்க பூட்டிக்கோங்க."

அது டீச்சருடைய குரல்.

அவள் வாயைத் திறந்து அலறினாள். காற்றுதான் வந்தது. பலகையை ஓங்கி அறைந்தாள், சத்தமே எழவில்லை. தெருவைப் பார்த்த சின்னக் காற்றுத் துளையில் முகத்தை அழுத்தினாள். கைக்கெட்டும் தூரத்தில் பேருந்தின் சக்கரம்.

"டீச்சர் ஏறியாச்சா?" என்றார் டிரைவர்.

"ஏறியாச்சு அண்ணே. எடுங்க."

சக்கரம் உருண்டது. மேலே ஜன்னலோரத்தில் மகளின் குரல் கேட்டது.

"அம்மா... ஏன் உன் கை இப்படி ஜில்லுனு இருக்கு?"