எதிர்ச்சுவர் வயர்

“ஏங்க... ரெண்டு வயரையும் ஒரே குழாயிலயா விட்டீங்க?”

ஏணி மேலிருந்தவன் திரும்பினான். அடடா... என்ன கண்கள்! திட்ட வந்தவளுக்குப் பாதிக் கோபம் கரைந்துபோனது. ஆனால் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் சர்வர் அறை அவள் பொறுப்பு. கண்ணைப் பார்த்து மயங்கினால் நோயாளிகளின் கதி என்னாவது?

“ரெண்டு வயர்தானே கேட்டீங்க மேடம்?”

“ரெண்டு வழி கேட்டேன்! இந்த ரெண்டு சர்வரும் ‘உயிரோட இருக்கியா?’ன்னு ஒண்ணையொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கும். ஒண்ணு நின்னுட்டா இன்னொண்ணு வேலையை எடுத்துக்கும். எலி ரெண்டு வயரையும் சேத்துக் கடிச்சா, இது செத்துடுச்சுன்னு அது நெனைக்கும், அது செத்துடுச்சுன்னு இது நெனைக்கும். ரெண்டும் நான்தான் ராஜான்னு கிளம்பி, நோயாளிங்க விவரத்தையெல்லாம் குழப்பிடும்.”

“எங்க வீட்டுல நானும் அண்ணனும் மாதிரி...”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் முகம் சுளிக்காமல் ஒரு வயரை உருவி, எதிர்ச்சுவர் வழியாகக் கொண்டுபோனான். வேலை விஷயமாக என்று நம்பரும் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை செய்தி வந்தது. ‘உயிரோட இருக்கீங்களா?’

‘இருக்கேன்.’

காபியை மறந்தாலும் இந்தக் காலைக் கேள்வியை இருவரும் மறக்கவில்லை... திடீரென்று ஒருநாள் நின்றுபோகும் வரை.

அவளே கேட்டு அனுப்பினாள். பதிலில்லை. அவன் வேலை பார்க்கும் வயரிங் கடை தெரியும், போய்ப் பார்க்கலாம். ‘நானா போய் நிக்கணுமா?’ என்று ரோஷம் தடுத்தது. நனைந்த கண்ணுக்கு அக்காவிடம் தூசியைக் காரணம் சொன்னாள்.

மழை கொட்டிய ஒரு மதியம், சர்வர் அறையில் எச்சரிக்கை மணி. எலி வேலையைக் காட்டிவிட்டது. குழாய் வயர் போய்விட்டது. எதிர்ச்சுவர் வயர் இருந்ததால் சர்வர்கள் இரண்டும் ஒன்றையொன்று விசாரித்தபடி ஓடிக்கொண்டிருந்தன. கடைக்குத் தகவல் போக, சொட்டச் சொட்ட வந்து நின்றான் அவன்.

“உயிரோடதான் இருக்கீங்களா?” அவள் எதிரே வந்து நின்றாள்.

“ஃபோனு மழைத்தண்ணியில அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சுங்க. சிம்மு, உங்க நம்பரு எல்லாம் அதோட... இப்ப எனக்கும் புது நம்பரு. இங்க ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா, மேடம் பிஸின்னு வெச்சுட்டாங்க. சரி, நம்மளப் பிடிக்கல போலன்னு...”

“நேர்ல வர்றதுக்கு என்னவாம்?”

“ரோஷம்தான்... நீங்க ஏன் வரல?”

அவள் தலை குனிந்தாள். “எனக்கும் அதேதான்.”

“உங்களைக் கேக்காம எனக்குப் பொழுதே விடியலைங்க... அவ்வளவு பிடிச்சிருக்கு உங்களை.”

அவன் கையிலிருந்த புது ஃபோனை வாங்கித் தன் நம்பரைப் பதிந்தாள். கீழே இன்னொரு நம்பர்.

“இது யாரோடதுங்க?”

“எங்கப்பாவோடது.” கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “ஒரே வயரை நம்பினது போதும்... நாளைக்கே பேசுங்க.”