எண் ஏறும் அறை

1994 சித்திரையில் ஒரு நண்பகல். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் இருந்த அந்தப் பீங்கான் ஆலைக்கு வெண்மதி வந்து சேர்ந்தாள். போன வருஷம் அங்கே டிஜிட்டல் போர்டு மாட்டியது அவள்தான். எந்தப் பிரிவு எத்தனை யூனிட் மின்சாரம் இழுக்கிறது என்று அது சிவப்பு எண்களில் காட்டும். எண்ணைப் பார்த்தால் கை தானாக ஸ்விட்சை அணைக்கும் என்று நம்பினாள். அப்படித்தான் நடந்தது. குறைவாகச் செலவழித்த பிரிவுக்கு மாதம் ஒரு பிரஷர் குக்கர் பரிசு.

இப்போது ஒரு புகார். எல்லாவற்றையும் அணைத்த பிறகும், உலர்த்தும் அறையின் எண் மட்டும் மதியத்தில் ஏறுகிறதாம்.

"நீங்க உள்ள போயி பாருங்க மேடம். நான் போர்டாண்ட நிக்கிறேன்," என்ற சூப்பர்வைசர் நல்லமுத்து, கதவுப் பக்கம் திரும்பாமலே நடந்தார்.

அறைக்கு ஜன்னல் கிடையாது; கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியும் கிடையாது. தட்டுத் தட்டாகக் காயும் கோப்பைகள், சுவரோரம் ஹீட்டர். அதன் ஸ்விட்சும் ஃபேன், லைட் ஸ்விட்சும் வெளியே இருந்தன. களிமண் வாடை தொண்டையில் ஒட்டியது. வெண்மதி சுவரில் இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்தாள்.

இரும்புக் கதவு சாத்திக்கொண்டது.

லைட் அணைந்தது. ஃபேன் இரைச்சல் மெல்ல மெல்ல இளைத்து, நின்றே போனது.

"நல்லமுத்து சார்!" கத்தினாள். இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள். வெளியே களிமண் அரைக்கும் எந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு கனத்தது. மறுபடி தட்டினாள்.

பக்கத்தில் இன்னொருவரும் தட்டுவது கேட்டது.

அவள் கையை எடுத்தாள். அந்தத் தட்டல் நிற்கவில்லை.

பிறகு, காதோரம் ஒரு பெண் குரல்.

"தட்டாதம்மா. வெளிய கேக்காது. நானும் ரொம்ப நேரம் தட்டுனேன்."

வெண்மதி இருட்டில் மீட்டர் பெட்டிப் பக்கம் நகர்ந்தாள். மீட்டருக்குத் தனியாக வந்த ஒயரில் மின்சாரம் இருந்தது. தடவித் தடவி அதை ஹீட்டரோடு இணைத்தாள். அனல் முகத்தில் அடித்தது. ஆளின் குரலுக்கு வராதவர்கள் எண்ணுக்கு ஓடி வருவார்கள்.

வந்தார்கள்.

கதவைத் திறந்த நல்லமுத்து அவளைத் தாங்கி வெளியே இழுத்தார். "நம்பரு குபுகுபுன்னு ஏறுச்சு மேடம்... அதான் ஓடியாந்தேன்."

"உள்ள யாரு சார் அந்தப் பொம்பள?"

அவர் தரையில் குந்தினார். "வீரம்மா. கோப்ப அடுக்க உள்ள போனது எனக்குத் தெரியலைங்க. நம்பரு கொறையட்டும்னு நாந்தான் எல்லாத்தையும் நிறுத்திட்டு கதவ சாத்தினேன். மாசக் கடைசி... மறுநா தொறந்தப்ப உசுரு இல்ல. அந்த மாசம் பரிசு எங்களுக்குத்தான்."

வெண்மதி அழவில்லை. எழுந்து போய் போர்டின் ஒயர்களை அறுத்தாள். "அந்தக் கதவக் கழட்டுங்க. இனிமே அங்க கதவே வேணாம்," என்றாள்.

நாலு பேர் கீல்களைப் பெயர்த்து, கதவைத் தூக்கி வந்து, முற்றத்து வெயிலில் மண்தரை மேல் கிடத்தினார்கள். யாரோ போய் எந்திரத்தையும் நிறுத்தினார்கள். ஆலை முழுவதும் அமைதியானது.

அப்போதுதான் எல்லோர் காதிலும் விழுந்தது.

தரையோடு கிடந்த கதவை, அடியிலிருந்து யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.