ஒரு மீட்டர் ஆழத்தில்

என்னைக் கடப்பாரை என்றுதான் கூப்பிடுவார்கள். மண்ணில் இரும்புக் குழாயை அடித்து இறக்குவது என் வேலை. ஒரு மீட்டர் ஆழம் போனதும் நிலத்தடி எரிவாயு தேடும் ஆய்வாளரான மேடம் அதில் ரப்பர் ட்யூபை மாட்டி, அடியில் ஹைட்ரஜன் வாயு ஊறுகிறதா என்று மீட்டரில் பார்ப்பார்.

அன்று போன பழைய வீட்டின் பின்னால் ஓர் ஊற்று. தண்ணீரில் விடாமல் குமிழிகள். பக்கத்தில் வட்டமாக, புல்லே முளைக்காத வெற்றுத் தரை. வாயு கசியும் இடம் அப்படித்தான் இருக்குமாம். மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கோ அங்கே கால் வைக்கவே கூசியது. உச்சி வெயில். ஓர் ஈ, எறும்புகூட இல்லை.

அந்த வீட்டில் தனியாக இருந்த அக்கா தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றார்.

"இங்கதான் தம்பி என் வீட்டுக்காரர் போனாரு. கிணறு வெட்டறேன்னு மம்மட்டியோட வந்தவரு. பட்டப்பகல். நெருப்பே தெரியல. அவர் எரியறது மட்டும் தெரிஞ்சுது."

மேடம் கொஞ்சம் தயங்கினார். "ஹைட்ரஜன் எரிஞ்சா வெயில்ல கண்ணுக்குத் தெரியாது" என்று என் காதோரம் சொன்னார். "வாசனையும் கிடையாது. ஒரே ஒரு குழாய் போட்டுட்டுக் கிளம்பிடலாம். நீ பீடி கீடி பத்த வெச்சுத் தொலைக்காதே."

பொறி பறக்காத பித்தளைச் சுத்தியலால் அடித்து இறக்கினேன். மீட்டரில் எண் ஏறியது. நின்றது. இறங்கியது. மறுபடி ஏறியது.

"மீட்டர் மக்கர் பண்ணுதா மேடம்?"

மேடம் ட்யூபைக் கழற்றினார். குழாயின் வாயில் என் உள்ளங்கையை வைத்தேன். காற்று வெளியே வந்தது. பிறகு உள்ளே போனது.

ஒவ்வொரு முறை வரும்போதும், கடைசியில், மெல்லிய விசில் சத்தம்.

செம்பு கீழே விழுந்தது. அக்கா ஓடிவந்து மண்டியிட்டுக் குழாயில் காதை வைத்தார்.

"மூச்சிழுப்பு இன்னும் விடலையா உங்களுக்கு?" பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரிடம் கேட்பதுபோல் கேட்டார். "மருந்து எடுத்துட்டு வரட்டா?"

விசில் நின்றது.

அடியில் எதுவோ காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் ஓர் அமைதி.

அப்புறம்தான் முடி கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது. தீ எங்குமே இல்லை. ஆனால் அக்காவின் காதோர முடி சுருண்டு சுருண்டு பொசுங்கியது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

இடுப்பைப் பிடித்து இழுத்தேன். கையைக் கடித்தார். "விடுடா! இத்தனை வருஷம் கழிச்சுப் பேசறாரு!"

மேடமும் நானும் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் ஜீப்பில் உட்கார வைத்தோம். நான் திரும்ப ஓடி, ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கி, குழாயைப் பிடுங்கினேன். வேலை முடிந்ததும் துளைகளை மூட எப்போதும் சிமெண்ட் வைத்திருப்போம். கலவையைக் கொட்டிக் காலால் மிதித்து இறுக்கிவிட்டு வந்தேன்.

அக்காவின் காது கொப்பளித்திருந்தது. வலி தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"என்னம்மா சொன்னாரு?" என்று மேடம் கிசுகிசுத்தார். அவர் கேட்டிருக்கக் கூடாது.

"தனியா இருக்க முடியலையாம்." அக்கா என்னைப் பார்த்தார். "துளையை அடைச்சிட்டியா தம்பி?"

"இல்லக்கா. திறந்துதான் இருக்கு" என்றேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அமைதியாக வரட்டுமே என்று சொன்ன பொய்.

சுத்தியலை எடுக்க மறுபடி அந்த வட்டத்துக்குப் போனேன்.

ஈரச் சிமெண்டின் நடுவில் ஒரு விரல் அளவுக்குத் துளை. அதன் விளிம்பு வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது.